இன்சாஃப் அறுத்த மெத்தை

அறுத்தாள்தான். யார் இல்லை என்றது? சமையலறை மேசையோடு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, ரொட்டி அறுக்கிற பல் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, ரப்பர் மெத்தைப் பலகையை நட்டநடுவில் நீளவாக்கில் அறுத்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டவளே நான்தான். ஆனால் புருஷனைத் துரத்துவதற்காக அறுத்தாள் என்று எதிர்வீட்டுக் கவாகிப் சொல்கிறாளே, அது பொய். உள்ளே தாயத்து வைத்துத் தைத்திருக்கிறாள் என்று மீன்கடைக்காரன் மனைவி சொல்கிறாளே, அது அதைவிடப் பெரிய பொய். அந்த மெத்தையில் மூடித் தைத்த இடமே கிடையாது. சுற்றிலும் ஜிப். சந்தேகம் இருக்கிறவர்கள் மாடியேறிப் போய்த் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இன்சாஃப் கோபித்துக்கொள்ள மாட்டாள். திறந்ததுதான் திறந்தீர்கள், கொஞ்சம் படுத்துத்தான் பாருங்களேன் என்பாள்.

நான் கீழ்வீடு, அவள் மேல்வீடு. ஹஜ் போய்வந்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் ஹாஜ்ஜா. அவளுடைய தரைதான் எனக்குக் கூரை. அங்கே ஒரு கரண்டி விழுந்தால் இங்கே என் தேநீர் தளும்பும். ஆகவே இந்தச் சந்தில் இன்சாஃபைப் பற்றிப் பேச ஒருத்திக்கு உரிமை உண்டென்றால், அது எனக்குத்தான்.

ஆள் குள்ளம், நல்ல அகலம். கறுப்பு அங்கியின் கைகளை எந்நேரமும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருப்பாள். பிழைப்பு, வெள்ளைப் பாலாடைக்கட்டி. எருமைப்பால் வந்து இறங்கியதும், எங்கள் ஊர் வழக்கப்படி உப்பைப் பாலிலேயே கரைத்துவிட்டுத்தான் உறை ஊற்றுவாள். பிறகு துணியில் வடித்து, தகர டப்பாவில் அடைப்பாள். உப்புநீரில் ஊறி ஊறி அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, கட்டியின் வயதைச் சொல்லிவிடுவாள். "இது காலையில உறைஞ்சது. இன்னும் பச்சக் குழந்த." "இது வெள்ளிக்கிழமைக்கு ஆகும்." "இது டப்பாக்குள்ளயே ஒரு ரமலானப் பாத்தாச்சு."

இன்னொரு வழக்கம் உண்டு. ஊரெல்லாம் காலையில் சந்தித்தால் உடம்பு நலமா என்று கேட்கும். இன்சாஃப் கேட்பது, "எப்படித் தூங்கினீங்க?" என்றுதான். சும்மா கேட்கிற கேள்வியில்லை. பதில் வரும்வரை நிற்பாள். முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்தும்விடுவாள். "இடது கன்னத்துல தலகாணி மடிப்பு இருக்கே ஹாஜ்ஜா, அந்தத் தோள் வலிக்குமே?" வலிக்கும். சமையற்காரி உப்பைப் பற்றிப் பேசுவது போல அவள் தூக்கத்தைப் பற்றிப் பேசுவாள்: கூடிவிட்டது, குறைந்துவிட்டது, இன்று சரியாக அமைந்தது.

எகிப்து முழுக்கக் கல்யாணக் கட்டில் செய்து அனுப்புகிற ஊர் எங்கள் தும்யாத். மரம் அறுக்கிற சத்தத்தில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே போய்ச்சேர்கிறோம். குளிர்காலக் காலைகளில் நைல் ஆற்றிலிருந்து மூட்டம் ஏறிவரும். பட்டறைகளின் மரத்தூள் அதில் கலந்து, தெருவே பாலில் ஊறக் கிடப்பது போலிருக்கும். அதற்குள் கட்டில்கள் மட்டும் வண்டிகளில் மிதந்து போகும், தலைமாட்டுப் பலகையில் செதுக்கிய ரோஜாக்களோடு. இத்தனை கட்டில் செய்கிற ஊரில், அதில் படுக்கிறவர்கள் தூங்குகிறார்களா என்று கவலைப்பட்ட ஒரே ஆள் இன்சாஃப்தான்.

அவள் கணவர் உஸ்தா அரஃபா. தச்சர், அதனால்தான் எல்லோரும் உஸ்தா என்பது. மகள் ரீஹாம் கைக்குழந்தையாக இருந்தபோது குவைத்துக்குப் போனார். ரீஹாமின் கையில் ஒரு குழந்தை வந்த பிறகு திரும்பினார். நடுவில் கோடைக்குக் கோடை ஒரு மாதம் வருவார். அந்த மாதம் கல்யாண வீடு மாதிரி ஓடிவிடும். வெங்காயம் அடைத்த வாத்து, விருந்தாளிகள், பெட்டி பிரிப்பு. தூங்க யாருக்கு நேரம்? ஆக, பேரனைப் பார்த்த பிறகும் ஒரே கட்டிலில் ஒழுங்காகத் தூங்கப் பழகாத தம்பதி அவர்கள்.

கட்டிலில் இருந்தது இன்சாஃபின் கல்யாணப் பஞ்சுமெத்தை. பஞ்சு அடிப்பவரைத் தெருவில் உட்காரவைத்து, நாங்களெல்லாம் சுற்றி நின்று குலவையிட, அவள் தாயார் தைக்கவைத்தது. அத்தனை வருடமும் தனியாக நடுவிலேயே படுத்துப் படுத்து, இன்சாஃப் அதில் தன் அளவுக்கு ஒரு பள்ளம் பண்ணிவைத்திருந்தாள். உஸ்தா வந்து படுத்த அன்றே இரண்டு பேரும் இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். வாயை முக்காட்டு நுனியால் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து அவளே எனக்குச் சொன்னாள்.

சிரிப்பு கொஞ்ச நாள்தான். குவைத்தில் தொழிலாளர் அறையில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், வெறும் பலகையில் போர்வையை விரித்துப் படுத்துப் பழகியவர் உஸ்தா. தனியாகப் படுத்தவர். குருவி சிறகடித்தால் விழித்துக்கொள்வார். விழித்தால் விடியும்வரை கூரைதான் துணை. ஒருநாள் போர்வையை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரைக்குப் போய்விட்டார். எதிர்மாடியிலிருந்து கவாகிப் அதைப் பார்த்துவிட்டாள். கவாகிப் பார்த்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

ஒரு மாலை படிக்கட்டு வழியாக அவர் குரல் இறங்கிவந்தது. எங்கள் கட்டடத்தில் கதவு என்பது கண்ணுக்கு மட்டும்தான், காதுக்குக் கிடையாது. ரீஹாமின் அம்மா என்பதால் மனைவியை அவர் உம்மு ரீஹாம் என்றுதான் கூப்பிடுவார்.

"குவைத்துல இருந்து மேஸ்திரி கூப்பிட்டாரு, உம்மு ரீஹாம். பழைய வேல அப்படியே இருக்காம்."

"நமக்கு இப்ப என்ன கொறச்சல்?"

"கொறச்சல் ஒண்ணுமில்ல. தூக்கம்தான் வரல. தூங்காத மனுஷன் எதுக்கு ஆவான்? உளி புடிச்சா கை நடுங்குது. அங்க என் பலக இருக்கு."

"பலகைக்காகவா போறீங்க?"

அடுத்து எனக்குக் கேட்டது, அவர் போர்வையை உதறிச் சமையலறைத் தரையில் விரிக்கிற சத்தம்தான்.

மறுநாள் இன்சாஃப் கீழே வந்து என் எதிரே உட்கார்ந்தாள். எப்படித் தூங்கினீங்க என்று கேட்கவில்லை. "ஹாஜ்ஜா, இன்னொருத்திக்காகப் போறாருன்னா முடியப் புடிச்சு சண்ட போடலாம். பலககூட எப்படிச் சண்ட போடறது?" என்றாள்.

"புதுசா ஒரு மெத்த வாங்கிப் போடு. நம்மூர்ல கடைக்கா பஞ்சம்?"

"மூடித் தச்ச மெத்தைய நான் நம்ப மாட்டேன். மூடின டப்பாக்குள்ள என்னென்ன போகும்னு எனக்குத் தெரியும். நானே டப்பா மூடறவ." கட்டைவிரலால் தான் உட்கார்ந்திருந்த திண்டை ஓர் அழுத்து அழுத்தினாள். "ஒவ்வொண்ணா வாங்கி நானே அடுக்கப் போறேன். புடிக்கலன்னா புடிக்காத அடுக்க மட்டும் மாத்திக்கலாமில்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தது. என்னையும் இழுத்துக்கொண்டு சித்ஹூம் முதலாளியின் கடைக்குப் போனாள். மெத்தைப் பட்டறைகளுக்கு ஸ்பாஞ்சு விற்கிறவர். ஆனால் இவளுக்கு வேண்டியது ஸ்பாஞ்சு இல்லை, லேடெக்ஸ். ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி வேகவைத்து எடுக்கிற பலகை. மேலே முழுக்க ஊசித் துளைகள், தேன்கூடு மாதிரி. தொட்டால் ஒரு நடுக்கம் ஓடி அடங்கும். இன்சாஃப் குனிந்து மோந்து பார்த்தாள், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், முகம் மலர்ந்துபோயிற்று. "இதுவும் பால்தான் ஹாஜ்ஜா! உறஞ்ச பால்!" என்று என் தோளில் ஓர் அடி அடித்தாள். இன்னும் வலிக்கிறது.

அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவே தரையில் கிடந்த பலகை மேல் ஏறி, ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சித்ஹூம் பதறிப்போனார்.

"அம்மா, என்ன பண்றீங்க? வாடிக்கக்காரங்க வர்ற நேரம்."

"நானும் வாடிக்கக்காரிதான் முதலாளி. தர்பூசணியத் தட்டிப் பாக்காம வாங்குவீங்களா? மெத்தையத் தூங்கிப் பாக்காம எப்படி வாங்கறது?"

"எவ்வளவு நேரம் தூங்குவீங்க?"

"நீங்க பேசிட்டே இருந்தா தூக்கமே வராது."

நிஜமாகவே தூங்கிவிட்டாள். சித்ஹூம் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் உள்ளே திரும்பி, ஸ்பாஞ்சு அறுக்கிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், வாசலிலேயே நின்றார்கள், காதோடு காதாகப் பேசிவிட்டுப் போனார்கள். வெளிச்சத்தில் மிதந்த தூசி அவள் மேல் மெதுவாக இறங்கியது. எழுந்து உட்கார்ந்ததும், "மேலடுக்குக்கு இது சரி. இடுப்புக்கு அடியில இதவிட முத்தினது ஒண்ணு வேணும்" என்றாள், கனவிலேயே பேரம் முடித்தவள் மாதிரி.

முற்றியது சித்ஹூமிடம் இல்லை. அடிப்பலகை அக்கரையிலிருந்து படகில் வந்தது. நடுப்பலகையைத் துறைமுகத்துப் பக்கம் எங்கேயோ போய்ப் பிடித்தாள். கம்பளி, வியாழக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்காரியிடம். உறைக்குக் கோடுபோட்ட கெட்டித் துணி, நெசவாலை ஊரான மஹல்லாவிலிருந்து. ஜிப், சோபா உறை தைக்கிறவரிடம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வந்து இறங்கியது. ஒவ்வொரு நாளும் சந்துக்கு ஒரு புதுக் கதை கிடைத்தது. அடிப்பலகை வந்த அன்று, கயிறு அவிழ்ந்து படிக்கட்டில் விரிந்துகொண்டு, தூக்கிவந்த இரண்டு பேரையும் சுவரோடு சேர்த்து அமுக்கிவிட்டது. உஸ்தா வாதம் வந்து படுத்துவிட்டார், அதற்குத்தான் ரப்பர் படுக்கை என்றார்கள். கம்பளி வந்தபோது, ரீஹாமை மாப்பிள்ளை தள்ளிவைத்துவிட்டான், மறு கல்யாணத்துக்குப் படுக்கை தயாராகிறது என்றார்கள். ஜிப்பைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தாளே, அன்று கவாகிப் என்னிடமே வந்து, "ஹாஜ்ஜா, இவ்வளவு நீள ஜிப்பு மையித்துப் பைக்குத்தான் வெப்பாங்க. மேல யாராச்சும் மூச்சுவிடறாங்களான்னு பாருங்க" என்றாள்.

அடுக்குவது லேசான வேலை. முற்றியது அடியில், நடுத்தரம் நடுவில், பச்சைக்குழந்தை மேலே, அதற்கும் மேலே கம்பளி. பசை கிடையாது, ரப்பர் ரப்பரைத் தானே பிடித்துக்கொள்ளும். உறையைப் போர்த்தி ஜிப்பை இழுத்தால் மெத்தை. தூங்குவதுதான் பெரும் வேலையாகிவிட்டது. உஸ்தா வேண்டாவெறுப்பாக வந்து படுப்பார். காலையில் ஒரே வார்த்தை.

"கல்லு."

இன்சாஃப் ஜிப்பைத் திறந்து நடுவில் இருப்பதை மேலே மாற்றுவாள், அடியில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவருவாள். மறுநாள்:

"சேறு."

இன்னொரு தரம் மாற்றுவாள்.

"இது என்ன, ஒட்டக முதுகா? பாலாடைக்கட்டி மேல படுத்த மொத தச்சன் நானாத்தான் இருப்பேன்."

மதியத் தூக்க நேரத்தில் என் கூரையில் அந்த ஜிப் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றிவரும், பெரிய வண்டு அறைக்குள் மாட்டிக்கொண்டது போல. கேட்டுக்கொண்டே நான் கண்ணயர்வேன்.

சந்துக்கு இன்னொரு குறையும் கிடைத்தது. இன்சாஃப் மெத்தையை வெயிலில் போடுவதில்லை. எங்கள் பக்கம் மெத்தையை மாடி விளிம்பில் காயப்போடாதவள் குடும்பப் பெண்ணே இல்லை. "அழுக்கி!" என்றார்கள். லேடெக்ஸ் வெயில் பட்டால் பொரிந்து உதிர்ந்துவிடும் என்று சித்ஹூம் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்காக அவள் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்துவிட்டு, பட்டப்பகலில் அறையை அரையிருட்டாக வைத்திருந்தாள். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

அந்த அரையிருட்டில் ஒரு மதியம் நானும் படுத்தேன். அவள்தான் கூப்பிட்டாள், ஒரு யோசனை சொல்லுங்கள் என்று. யோசனை சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. முதலில் தோள் இறங்கியது, பிறகு இடுப்பு, பிறகு என் வயது. மூழ்கவில்லை, கீழிருந்து யாரோ இரண்டு உள்ளங்கைகளால் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. எங்கேயோ மரம் அறுக்கிற சத்தம் துடுப்புச் சத்தமாக மாறியது. நைல் கடலில் விழுகிற இடத்துக்கு நான் படகில் போய்க்கொண்டிருந்தேன். ஆறு முழுக்கப் பால். கரையில் நின்ற கட்டில்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கி என் பின்னாலேயே நீந்திவந்தன, எருமைகள் மாதிரி அமைதியாக.

கண்விழித்தபோது இன்சாஃப் மறு விளிம்பில் கொட்டக்கொட்ட விழித்துப் படுத்திருந்தாள்.

"ஹாஜ்ஜா, நீங்க புரண்டீங்க."

"புரண்டிருப்பேன்."

"அது இந்தப் பக்கம் வரைக்கும் வந்துச்சு. லேசா ஓர் அலை. எனக்கே தெரிஞ்சுது." எழுந்து உட்கார்ந்தாள். "கல்லும் இல்ல, சேறும் இல்ல. அவர நான்தான் எழுப்பறேன். ஒவ்வொரு தடவ புரளும்போதும் நானே எழுப்பிவிடறேன்."

மேலே அவள் எப்போதும் உருட்டுகிற டப்பாச் சத்தம் அன்று சாயங்காலம் எனக்குக் கேட்கவில்லை.

உஸ்தா அதற்குள் குவைத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டிருந்தார். விசாவும் வந்துவிட்டது. பெட்டி கதவோரம் நின்றது.

மறுநாள்தான் கத்தி எடுத்தாள். அடிப்பலகையையும் நடுப்பலகையையும் நீளவாக்கில் அறுத்தாள். லேடெக்ஸ் சும்மா அறுபடாது; கத்தியைப் பிடித்துக்கொண்டு முனகும். நெற்றியில் வேர்வையும் கையில் சோப்பு நுரையுமாக அவள் பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது, அரைக் கட்டி பாலாடைக்கட்டி வாங்க வந்த கவாகிப் வாசலில் நின்றாள். பார்த்தாள். வாங்காமலே ஓடினாள்.

எங்கள் சந்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வீட்டில் கணவன் மனைவி பிரிந்துவிட்டால், தலாக் என்கிற வார்த்தையை வாயால் சொல்ல மாட்டோம். "அவங்க மெத்தையப் பிரிச்சுட்டாங்க" என்போம். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். இத்தனை காலத்தில் யாரும் நிஜ மெத்தையைப் பிரித்ததில்லை, கத்தியால் அறுத்தது நிச்சயமாக இல்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னாலேயே சந்து முழுக்கச் செய்தி நிறைந்துவிட்டது: இன்சாஃப் மெத்தையைப் பிரித்துவிட்டாள், அதுவும் அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து.

ரொட்டிக்கடை வரிசையில் கவாகிப் என்னை மடக்கினாள்.

"நீங்களும் ஒரு பக்கம் புடிச்சீங்களாமே ஹாஜ்ஜா? வயசானவங்க, சேத்துவெக்க வேணாமா?"

"சேத்துவெக்கத்தான் புடிச்சேன்."

"அறுத்துச் சேப்பாங்களா யாராச்சும்?"

"உன் பைஜாமாவத் தைக்கறவ மொதல்ல துணிய அறுக்காமலா தைக்கறா?"

"அவளுக்கு வக்கீலாயிட்டீங்க!"

"ஆயிட்டேன், போ. உனக்குக் கேஸ் வந்தா வராத."

ஆனால் கவாகிப் சும்மா இருக்கிறவளா? விட்டுப்போன பாலாடைக்கட்டியை வாங்குகிற சாக்கில் மறுபடி மேலே போனாள். இன்சாஃப் அதற்குள் அடுக்கி முடித்திருந்தாள். அடியில் ஒரு பக்கம் உஸ்தாவுக்கு முற்றியது மேலேயும் நடுத்தரம் கீழேயுமாக, அவளுடைய பக்கம் அதற்கு நேர்மாறாக. ஒரு பாதி ஆடினால் மறு பாதிக்குத் தெரியாது. அந்த இரண்டு பாதிகளுக்கும் மேலே, அறுக்காத ஒரே மெல்லிய பலகை, ஒரே கம்பளி, ஒரே உறை. "எங்க, அறுத்த இடத்தக் காட்டு" என்று கவாகிப் கையை வைத்துத் தடவினாள். தெரியவில்லை. முதுகை வைத்தால்தான் தெரியும் என்றாள் இன்சாஃப். கவாகிப் முதுகை வைத்தாள். அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவள். எதிர்வீட்டிலிருந்து தீய்ந்த வாடை என் வீடுவரை வந்தது. அவள் மட்டும் வரவில்லை. அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்லும்போதுதான் கன்னத்தில் கோடுபோட்ட துணியின் தடத்தோடு இறங்கிப்போனாள், என்னைப் பார்க்காமல்.

தூங்க வேண்டியவர் மட்டும் தூங்கவில்லை. உஸ்தா அந்த மெத்தையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "போறவனுக்கு எதுக்கு மெத்த? பழகிட்டா அங்க போய் அவஸ்தப்படணும்" என்று சமையலறைத் தரையிலேயே படுத்தார். அவள் கெஞ்சவில்லை. ஒரே ஒரு தடவை, "உங்க பக்கம் உங்களுக்குத்தான் அடுக்கியிருக்கேன். வேற யாரும் படுத்தா இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றாள். அவ்வளவுதான்.

புறப்படுகிற நாள் வந்தது. கெய்ரோவுக்குப் போய் விமானம் ஏற வேண்டும். மதியத்துக்கு மேல் கார் வருகிறது. சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வாத்து அன்று நன்றாக வெந்திருந்தது. கைகழுவிவிட்டு உஸ்தா போர்வையோடு சமையலறைக்குப் போனார், போன வேகத்தில் திரும்பினார். தரை முழுக்கத் தண்ணீர். இன்சாஃப் உப்புநீர் டப்பாக்களைக் கவிழ்த்துக் கழுவிவிட்டிருந்தாள். தற்செயல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அவர் போர்வையை நாற்காலி முதுகில் போட்டார். பிறகு பயணச் சட்டை கசங்காமல், தன் பக்கத்து விளிம்பில் மெதுவாகச் சாய்ந்தார்.

"ஒரு கண்ணு அசந்துக்கறேன். கார் வந்தா ஹார்ன் அடிப்பான். எழுந்துடுவேன்."

"எழுந்துக்கோங்க. நான் எழுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"நீ எழுப்ப வேணாம். எனக்கு ஈ பறந்தா முழிப்பு வரும்."

அவள் மறு பக்கத்தில் போய்ப் படுத்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சந்தே மதியத் தூக்கத்தில் இருந்தது. பட்டறைகள் ஓய்ந்திருந்தன, பூனைகள் நிழலில் நீண்டு கிடந்தன, ஆற்றுக் காற்று யாருடைய துணியையோ கொடியில் ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தது. என் கூரை அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குக் கீழே, ரொம்ப தூரத்திலிருந்து வருகிற மாதிரி, ஒரு குறட்டை. மெல்லியது, சீரானது. இன்சாஃபின் குறட்டையை நான் அறிவேன். அது இல்லை.

கார் வந்து நின்றது. ஹார்ன் அடித்தது. நான் மேலே பார்த்தேன். யாரும் நடக்கிற சத்தம் இல்லை. குறட்டை நிற்கவில்லை. எதிர்மாடியில் கவாகிப்பின் ஜன்னல் கொஞ்சம் திறந்தது, மற்ற ஜன்னல்களும் திறந்தன. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது தடவை அடித்தார், இன்னும் நீளமாக.

மேலே கதவு திறந்தது. இன்சாஃப் வெளியே வந்தாள். வெறுங்கால். செருப்பு இரண்டையும் ஒரு கையில் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு படியாகப் பாதத்தை வைத்து, என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே போனாள். ஓட்டுநர் மூன்றாவது தடவை அடிக்கக் கையைத் தூக்கினார். அவள் கார் ஜன்னலுக்குள் கையை விட்டு, முன்பின் தெரியாத அந்த ஆணின் மணிக்கட்டைப் பிடித்தாள். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, தன் வீட்டுத் திரைச்சீலை அசைகிறதா என்று மேலே பார்த்தபடி, பிடித்த கையை விடாமல் நின்றாள்.